சனிக்கிழமை இறைப்பு

பேசச் சொல்லியிருந்தால் இரண்டு மணித்தியாலம் பேசியிருப்பேன். உங்களில் பாதிப் பேர் கதிரையிலேயே நித்திரையாகியிருப்பீர்கள். எழுதித் தரச் சொன்னீர்கள், தப்பினீர்கள். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தில் பிழை இருக்காது.

நீங்கள் இப்போது சனி, ஞாயிறுகளில் தூரத்து ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், சம்பளம் இல்லாமல் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறீர்கள். நல்ல காரியம். இந்த வேலையை நான் தொடங்கிய நேரம் உங்களில் பலர் பிறந்திருக்கமாட்டீர்கள். நான் நீர்வேலியில் வாழைக்குலை வியாபாரி. சைக்கிள் கரியரில் இரண்டு குலை கட்டித் தொடங்கி மூன்று லொறி ஓட்டியவன். ஒரு குலையைத் தொடாமலே அதன் நிறையையும், அது எத்தனையாம் நாள் பழுக்கும் என்பதையும் சொல்வேன். இன்றைக்கும் வந்து சோதித்துப் பார்க்கலாம். கூரை பறந்த வகுப்பறைகளுக்கு இரண்டே நாளில் தென்னங்கிடுகு போட்டுக் கொடுத்திருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் ஒரு கடையிலும் பலகையில் எழுத வெண்கட்டி இல்லாத காலத்தில் ஆறு பள்ளிக்கூடங்களுக்கு வெண்கட்டி கொண்டுபோய் இறக்கினேன். எங்கிருந்து எடுத்தேன் என்று அன்றைக்கும் சொல்லவில்லை, இன்றைக்கும் சொல்லமாட்டேன்.

அதெல்லாம் நான் வென்ற கதைகள். கேட்க நன்றாயிருக்கும், உங்களுக்கு உதவாது. வகுப்பை எப்படிப் பிரிப்பது, வரவு எப்படிப் பதிவது என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் ஒரு பிள்ளையின் படிப்பை என் வாயாலேயே கெடுக்கப் பார்த்த கதையைத்தான் எழுதப் போகிறேன். இதை இதுவரை ஒரு மேடையிலும் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பது வாசித்து முடிக்கத் தெரியும்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யுத்தத்தால் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் மண்ணெண்ணெய் வருவது ஏறக்குறைய நின்றுபோன காலம். மின்சாரமும் இல்லை. சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம், பெயர் வேண்டாம். எல்லாம் தோட்டக்காரரின் பிள்ளைகள். இரண்டு வருடமாக அங்கே கணக்குப் படிப்பிக்க ஆள் இல்லை. பதினாறு பிள்ளைகள் அந்த மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. கணக்கில் தவறினால் மேலே படிக்க வழியில்லை. தோட்டத்துக்குத்தான் போக வேண்டும்.

நான் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய், பல்கலைக்கழக வளாகத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த ஒரு மாணவனைப் பிடித்தேன். யூட் என்று பெயர். குருநகரில் கடற்றொழில் செய்கிற குடும்பம். கணக்கில் புலி என்று சொன்னார்கள்.

"தம்பி, சனிக்கிழமையிலை வந்து எங்கடை பிள்ளையளுக்குக் கணக்குப் படிப்பிப்பியோ? சம்பளம் கிடையாது. மத்தியானச் சாப்பாடு என்ரை பொறுப்பு."

"மீன் இருக்குமோ ஐயா?"

"நாங்கள் சைவம்."

"அப்ப படிப்பிச்சுப்போட்டுச் சாப்பிட வீட்டை போறன்" என்றான். ஆனால் வந்தான். பலாலி வீதியில் ஏறி, செல் குண்டு விழுந்த குழிகளுக்குள்ளால் சைக்கிளை மிதித்து, ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தான். மரக்கறிச் சாப்பாட்டையும் சாப்பிட்டான்.

கடதாசிக்குப் பஞ்சம். மாதிரி வினாத்தாள்களை றோணியோ மிஷினில் அடித்து எடுத்தோம்; மை முடிகிற வரைக்கும் அடித்ததில் பன்னிரண்டு கட்டுத்தான் தேறியது. ஆகவே வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள். மிச்ச நாலு பேர் வெளியில் போட்ட வாங்குப் பலகையில் இருந்து கேட்டுக்கொள்வார்கள். அப்போது நான் ஒரு சட்டம் போட்டேன். மூன்று சனிக்கிழமை வராத பிள்ளையின் கட்டு, வெளியில் இருக்கிற பிள்ளைக்குப் போகும். சந்தையில் அப்படித்தான். விடியக் குலையோடு வராதவனின் இடத்தில் அடுத்தவன் குலையை இறக்கிவிடுவான். யாரும் குறை சொல்வதில்லை. சந்தையில் சரியான சட்டம் எல்லா இடத்திலும் சரி என்று நினைத்தேன்.

யூட் படிப்பிக்கும்போது நான் பின் வாங்கில் இருப்பேன். மேற்பார்வை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு ஆசை. இதை எழுத எனக்கு வெட்கமில்லை, இந்த வயதில் என்ன வெட்கம். கோணங்கள் பற்றிய பாடத்தன்று கடதாசி இல்லாததால் நான் கொண்டுபோன வாழையிலையில் எல்லாரையும் ஒவ்வொரு முக்கோணம் வெட்டச் சொன்னான். பெரிது, சிறிது, ஒடுங்கினது, பரந்தது, அவரவர் விருப்பம். பிறகு மூன்று மூலைகளையும் கிழித்து, கூர்களை ஒரு புள்ளியில் சேர்த்து அடுக்கச் சொன்னான். பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் பன்னிரண்டு விதமான முக்கோணம். பன்னிரண்டும் நேர்கோடாக வந்து நின்றன. நானும் வாங்குக்குக் கீழே களவாக ஒன்று வெட்டியிருந்தேன். எனக்கும் வந்தது. முப்பது வருடம் வாழையிலைக்கு நடுவில் நின்றவன், அதற்குள் இப்படியொன்று இருக்கும் என்று நினைத்ததேயில்லை. அந்த மூன்று துண்டையும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

"ஐயா, நித்திரையோ, கணக்கோ?" என்று யூட் ஒருநாள் கேட்டான்.

"மேற்பார்வை" என்றேன்.

"மேற்பார்வைக்கு விடை சரி. ஆனா வழி எழுதேல்லை. பாதிப் புள்ளிதான்."

அந்த வகுப்பில் தவமலர் என்று ஒரு பிள்ளை. பதினாறு வயது. யூட் கேள்வியை வாசித்து முடிக்கமுதல் விடை எழுதிவிட்டு, பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாதபடி கையால் மூடி வைத்திருப்பாள். கணக்கில் அவளுக்கு விசேட சித்தி, ஆகக் கூடிய தேர்ச்சி, நிச்சயம் என்று யூட் என்னிடம் தனியாகச் சொன்னான். தையிலிருந்து பங்குனி வரைக்கும் ஒழுங்காக வந்தாள். சித்திரை வருடப்பிறப்புக்குப் பிறகு வரவில்லை.

"எங்கை தவமலர்?" என்று வகுப்பில் கேட்டேன்.

"காய்ச்சல், ஐயா."

அடுத்த சனிக்கிழமையும் காய்ச்சல். மூன்றாம் சனிக்கிழமையும் காய்ச்சல். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரைக்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்கிறாள், வரவுப் பதிவில் பார்த்தேன்.

"அதென்ன காய்ச்சல், சனிக்கிழமையிலை மட்டும் வாறது?" என்று பகிடியாகக் கேட்டேன்.

ஒரு பிள்ளையும் சிரிக்கவில்லை. சந்தையில் என் பகிடிக்கு ஒருவன் சிரிக்காவிட்டால், என்னவோ பிழை என்று அந்த இடத்திலேயே பிடித்துவிடுவேன். வகுப்பில் பதினைந்து பிள்ளைகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் பிடிக்கவில்லை. யூட், "பொறுங்கோ ஐயா, இன்னொரு கிழமை பாப்பம்" என்றான். நான் பொறுக்கவில்லை. எல்லாருக்கும் முன்னால் அவளுடைய பெயரை வெட்டி, கட்டை வெளி வாங்கில் இருந்த பிள்ளைக்குக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை அதை வாங்க மறுத்தது. அதையும் நான் வெட்கம் என்று நினைத்து, மடியில் வைத்துவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை அதிபர் அம்மா ஆள் அனுப்பினா. மெலிந்த மனிசி, சத்தம் போட்டுக் கதைக்கமாட்டா. நான் இந்த வேலையில் கற்றுக்கொண்டது ஏதாவது இருந்தால் அதில் முக்கால்வாசி அவவிடம் கற்றது. பெயர் சொல்ல வேண்டாம் என்று அப்போதே கேட்டுக்கொண்டவ.

"முதலாளி, வாற சனிக்கிழமை அந்தப் பிள்ளையின்ரை தோட்டப்பக்கம் ஒருக்காப் போட்டு வாங்கோ."

"போய் என்னெண்டு கேக்கிறது?"

"ஒண்டும் கேக்க வேண்டாம். பாருங்கோ. பாக்கத்தான் சொல்லுறன்."

போனேன். அந்த ஒழுங்கையில் ஏழு வீட்டுக்கும் ஒரே கிணறு. ஏழு பங்கு. கிழமையில் ஆளுக்கு ஒரு நாள் இறைப்பு. யாருக்கு எந்த நாள் என்று முன்னோர் காலத்தில் பிரித்தது, ஒருவரும் மாற்றுவதில்லை. தவமலர் வீட்டுக்குச் சனிக்கிழமை. இறைப்பு மிஷினுக்கு மண்ணெண்ணெய் இருந்த வரைக்கும் விடிய இரண்டு மணித்தியாலத்தில் மிளகாய்த் தோட்டம் முழுவதும் நனைந்துவிடும். பிள்ளை குளித்துவிட்டு வகுப்புக்கு வந்துவிடும். சித்திரையோடு எண்ணெய் முடிந்தது. மற்ற ஊர்களைப் போல அங்கேயும் கைவிட்டிருந்த துலாவைத் திரும்பவும் பூட்டியிருந்தார்கள்.

துலாவைக் கண்டிராதவர்களுக்குச் சொல்கிறேன். கிணற்றடியில் நட்ட கால்களின் மேல் ஒரு நீளப் பனைமரம் தராசுபோல் கிடக்கும். ஒரு முனையில் கொடி என்கிற கயிறும் வாளியும். அந்த மரத்தின் மேல் ஒரு ஆள் முன்னும் பின்னும் நடக்க வேண்டும். முன்னால் போனால் வாளி கிணற்றுக்குள் இறங்கும், பின்னால் வந்தால் தண்ணீரோடு ஏறும். கீழே நிற்கிறவர் வாளியைப் பிடித்து வாய்க்காலில் கவிழ்ப்பார். மரத்தில் ஏறி மிதிப்பது ஆம்பிளையின் வேலை. பெண்பிள்ளை ஏறுவதில்லை. அதுவும் குமர்ப்பிள்ளை.

தவமலர் ஏறியிருந்தாள்.

தகப்பனின் பழைய சட்டையைப் பாவாடைக்கு மேல் போட்டு, பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, கைப்பிடி மூங்கிலைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தாள். கீழே தகப்பன் நடராசா வாளி பிடித்தார். அவருக்கு வலது முழங்கால் மடங்காது. துலாவில் ஏற முடியாது. தாய் வரம்பை வெட்டித் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாறிக்கொண்டிருந்தா. மூத்த மகன் வீட்டைவிட்டுப் போய் இரண்டு வருடம். அவனைப் பற்றி அந்த வீட்டில் ஒருவரும் கதைப்பதில்லை.

பிள்ளை என்னைக் கண்டதும் இறங்கிப் புகையிலைக் குடிலுக்குப் பின்னால் ஓடிவிட்டாள். நடராசா வாளியைக் கீழே வைக்கவில்லை.

"என்ன முதலாளி, குலை பாக்க வந்தனீங்களோ? எங்களிட்டை வாழையில்லை. அங்காலை வடக்குத் தோட்டத்திலை கேட்டுப் பாருங்கோ."

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தை இரண்டு தரம் வாசியுங்கள். அந்த மனிதர் எனக்கு ஒரு வழி திறந்துவிட்டார். "ஓம், வழி மாறி வந்திட்டன்" என்று சொல்லிவிட்டு நான் திரும்பியிருக்க வேண்டும். எனக்கு அது விளங்கவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது. நெஞ்சு கொதித்தால் எனக்கு வாய் நிற்காது. அன்றைக்கு ஒன்றும் சொல்லாமல் வந்தது உண்மைதான். ஆனால் அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, ஏழு பங்காளிகளும் கூடி வாய்க்கால் துப்புரவு செய்கிற நேரம் பார்த்துப் போய், கிணற்றுக்கட்டில் ஏறி நின்றேன்.

"ஒரு குமர்ப்பிள்ளை படிப்பை விட்டிட்டுத் துலாவிலை ஏறுறாள். இவ்வளவு பேரும் பாத்துக்கொண்டு இருக்கிறியள். வெக்கமில்லையோ? அவையின்ரை முறையை வேறை நாளுக்கு மாத்திக் குடுக்க ஏலாதோ? ஒருத்தன் ஏறி மிதிச்சுக் குடுக்க ஏலாதோ?"

மூத்த பங்காளி மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

"நாங்கள் ஒண்டும் பாக்கேல்லை, முதலாளி."

"ஏழு வீட்டிலையும் ஒருத்தருக்கும் கண் தெரியாதோ?"

"சனிக்கிழமையிலை தெரியாது" என்றார்.

அப்போதும் எனக்கு விளங்கவில்லை. இன்னும் இரண்டு வசனம் சத்தமாகச் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, வாய்க்காலின் அந்தக் கடைசித் தொங்கலில் குனிந்து நின்ற நடராசா மண்வெட்டியை வேலியில் சாய்த்துவிட்டுக் காலை இழுத்து இழுத்து வீட்டை நோக்கிப் போனதைக் கண்டேன். அவர் அங்கே நிற்கிறார் என்பதை அதுவரை நான் பார்க்கவில்லை. மற்றவர்கள் குனிந்து வேலையைத் தொடர்ந்தார்கள்.

அவர்கள் செய்துகொண்டிருந்தது பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. ஒவ்வொரு வீட்டிலும் துலா மிதிக்கக் கூடிய ஆள் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. தன் இறைப்பை முடித்தால் அடுத்தவனுக்கு மிதிக்க அவனுக்குச் சீவன் இல்லை. முறையை மாற்றினாலும் பலன் இல்லை. எந்த நாளானாலும் ஏறப் போவது அந்தப் பிள்ளைதான், ஞாயிற்றுக்கிழமைக்காரரின் ஒரே ஆளுக்கும் அன்றைக்குத்தான் ஓய்வு, மற்ற நாளென்றால் பள்ளிக்கூட நாளொன்று கெடும். ஆகவே அவர்களால் முடிந்த ஒன்றைச் செய்தார்கள். சனிக்கிழமைகளில் அந்தப் பக்கம் போகாமல் சுற்றி நடந்தார்கள். பெண்கள் அன்றைக்குக் கிணற்றுக்குத் தண்ணீருக்கு வரவில்லை. பிள்ளைகள் காய்ச்சல் என்றார்கள். ஒரு குடும்பத்தின் மானத்தை ஏழு வீடும் சேர்ந்து வாயை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தன. அதை நான் கிணற்றுக்கட்டில் ஏறிப் போட்டு உடைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து தவமலர் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. தகப்பன் மறித்துவிட்டார். முன்பு சனிக்கிழமை வகுப்பு மட்டும் போனது, இப்போது எல்லாம் போயிற்று.

அதிபர் அம்மா மேசை லாச்சியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துக் காட்டினா. பரீட்சை விண்ணப்பம். தவமலரின் பெயர் எழுதியிருந்தது, கீழே தகப்பன் கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"வைகாசிக் கடைசி மட்டும் இதை வைச்சிருப்பன். அதுக்குப் பிறகு என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது."

"நான் போய் அந்த மனிசன்ரை காலிலை விழுறன், அம்மா. மன்னிப்புக் கேக்கிறன்."

"கேட்டால், இன்னொருக்கா அதைச் சொன்னதாத்தானே முடியும்?"

"அப்ப என்னதான் செய்யிறது?"

"நீங்கள் கதைச்சுக் கெடுத்தது. கதையாமல் திருத்துங்கோ."

அதுவரை ஒருவரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. சந்தையில் என் சத்தம் கேட்டால் பத்துக் கடைக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தச் சத்தத்தால்தான் நான் ஆளானவன். நான்கு சனிக்கிழமைதான் இருந்தது.

முதல் சனிக்கிழமை விடியப் போனேன். நடராசா வாளியோடு நின்றார். பிள்ளை துலாவடியில் நின்றாள். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை. சட்டையைக் கழற்றி வேலியில் கொழுவினேன், சாரத்தை மடித்துக் கட்டினேன், ஏறினேன். நான் பள்ளிக்கூடத்தை விட்டதே துலா மிதிக்கத்தான். பத்து வயதிலிருந்து பத்து வருடம் மிதித்த கால். ஆனால் அப்போது எனக்கு ஐம்பத்திரண்டு வயது, லொறியில் இருந்து இருந்து வளர்த்த வயிறு வேறு. முதல் நடையிலேயே தலை சுற்றியது. கால் மட்டும் மறக்கவில்லை.

நடராசா வாளியைப் பிடிக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வெறுமனே முன்னும் பின்னும் நடந்தேன். வாளி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு ஏறி, பிடிக்க ஆளில்லாமல் ஆடியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சூரியன் பனைக்கு மேல் வந்துவிட்டது. எனக்கு வாய் நுனியில் நூறு வசனம் வந்து நின்றது. விழுங்கினேன். கடைசியில் அவர் மிளகாய்ச் செடிகளைப் பார்த்தார். இலை வாடித் தொங்கியது. வந்து வாளியைப் பிடித்தார். பத்து மணியைத் தாண்டியபோது நான் இறங்கி, சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பிள்ளை அன்றைக்கும் வகுப்புக்குப் போகவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை மூத்த பங்காளி ஒழுங்கையால் வந்தார். நின்றார். அண்ணாந்து பார்த்தார். நடராசாவின் கை வாளியோடு அப்படியே நின்றது.

"என்ன முதலாளி, வாழைக்குலை வியாபாரத்தை விட்டாச்சோ?"

எனக்கு அந்த ஒரு நிமிடத்தில்தான் அந்த ஊரின் பேச்சு விளங்கியது.

"சீனி வருத்தம், அண்ணை" என்றேன். "வயிறு குறையாட்டில் கால் எடுக்க வேண்டி வரும் எண்டு டொக்டர் வெருட்டிப்போட்டார். துலா மிதிச்சா நல்லதாம். எங்கடை ஊரிலை துலாவெல்லாம் விறகாப் போச்சு."

எனக்கு நீரிழிவு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இல்லை. மூத்த பங்காளிக்கும் அது தெரிந்திருக்கும். அவர் தலையை ஆட்டினார்.

"நல்ல வைத்தியம். விடாமல் செய்யுங்கோ" என்றுவிட்டுப் போனார்.

மூன்றாம் சனிக்கிழமை வேறொருவர் வந்து கேட்க, நான் வாய் திறக்கமுதல் நடராசாவே பதில் சொன்னார். "முதலாளிக்குச் சீனி வருத்தமாம். வந்து கேட்டவர். பாவம், வருத்தக்காரன், ஏறட்டும் எண்டு விட்டனான்." சொல்லிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தார். அதற்குப் பிறகு அங்கே உதவி செய்கிறவர் அவர், உதவி பெறுகிறவன் நான். இறைப்பு முடிந்து இறங்கியபோது ஒரு செம்பில் மோர் வந்தது. "சீனிக்கு நல்லது" என்றார்.

நான்காம் சனிக்கிழமை, நான் ஏறி அரை மணித்தியாலம் இருக்கும், தவமலர் வெள்ளைச் சட்டையோடு, கொப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேலிப் படலையால் வெளிக்கிட்டுப் போனாள். தாய் தண்ணீர் மாறிய இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தா. நடராசா பார்க்கவில்லை, வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார். திங்கட்கிழமை அதிபர் அம்மா லாச்சியைத் திறந்து, படிவத்தைக் காட்டி, மூடினா. கையெழுத்து இருந்தது. பெயரை வெட்டிய பிள்ளைக்கு வினாத்தாள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். வெளி வாங்குப் பிள்ளை அந்தக் கட்டை ஒரு தாளும் பிரிக்காமல் வைத்திருந்து அவளிடம் கொடுத்ததாம்.

சீனி வருத்தம் என்ற கதை நீர்வேலிச் சந்தை வரைக்கும் போய்விட்டது. அதற்குப் பிறகு எந்தக் கடையிலும் எனக்குச் சீனி போட்ட தேத்தண்ணி கிடைக்கவில்லை. கலியாண வீட்டில் எனக்கு முன்னால் வந்த பலகாரத் தட்டைப் பறித்துக்கொண்டு போனார்கள். வீட்டில் சொந்த மனிசியே நம்பிப் பாகற்காய் அவித்துத் தந்தா. ஒருவருக்கும் நான் உண்மை சொல்லவில்லை. என் குணம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளங்கும்.

வைகாசியிலிருந்து ஐப்பசி வரைக்கும் ஒரு சனிக்கிழமை தவறாமல் மிதித்தேன். ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்கவில்லை. சனிக்கிழமை நான் துலாவில் நின்றால், பின் வாங்கில் இருப்பது யார்? துலாவின் நுனிக்குப் போகும்போது, பனைகளுக்கு மேலால் பள்ளிக்கூடக் கூரை தெரியும். காற்று இந்தப் பக்கம் அடித்தால் யூட்டின் சத்தம் வரும். ஒரு சொல் வரும், அடுத்த சொல் வராது. வட்டம் படிப்பித்த அன்று "மையம்" என்பது கேட்டது. மிச்சத்தைக் கேட்க மரத்தின் நுனியில் இரண்டு மூச்சு அதிகமாக நின்றேன். "என்ன முதலாளி, வாளி தாழுது!" என்று கீழிருந்து நடராசா கத்தினார். திரும்பி நடந்தேன்.

கிழமை நாளில் தனியாகச் சொல்லித் தாறேன் என்று யூட் கேட்டான். பிறகு பாப்பம் தம்பி என்றேன். எனக்கு லொறி, குலை, ஆயிரம் வேலை. பிறகு என்று ஒன்று வரவில்லை. படிப்பு முடிந்ததும் கிளாலிக் கடலைக் கடந்து குடாநாட்டை விட்டே அவன் போய்விட்டான். முக்கோணம் வரைக்கும்தான் எனக்குத் தெரியும். வட்டம் இன்றைக்கும் தெரியாது. உங்களில் கணக்குப் படிப்பிக்கிறவர்கள் பலகையில் வட்டம் கீறுகிறபோது நான் கதவடியில் வந்து நிற்பேன், கண்டிருப்பீர்கள். மேற்பார்வை என்று நினைத்திருப்பீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்தது. ஊர் முழுவதும் சந்தோஷப்பட்டது. தோட்டம் நனைந்தது, துலாவுக்கு இனி ஆள் தேவையில்லை. எனக்கு மட்டும் அந்த மழை பிடிக்கவில்லை. இன்னும் இரண்டு சனிக்கிழமை வெயில் எறித்திருக்கலாம் என்று நினைத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பிள்ளை கொப்பியோடு படலையால் போகும்போது நான் மேலே நடந்துகொண்டிருப்பேன். ஒருநாளாவது அண்ணாந்து பார்க்கமாட்டாளா என்று காத்திருந்தேன். பார்க்கவேயில்லை. அவள் பார்க்காததுதான் சரி. பார்த்தால், நான் எதற்காக அங்கே நிற்கிறேன் என்று அவளும் நானும் ஒத்துக்கொண்டதாகிவிடும். சரி என்று தெரிந்தும் எனக்கு ஆசை போகவில்லை. செய்த காரியத்தை ஒருவர் கண்ணால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை உங்களுக்கும் வரும். வராது என்று சொல்லமாட்டேன். வரும்போது வாயை மூடிக்கொண்டு வேலையைச் செய்யுங்கள்.

மார்கழியில் பரீட்சை எழுதினாள். கணக்கில் விசேட சித்தி. மேலே படிக்க வேறு பள்ளிக்கூடத்துக்குப் போனாள் என்று அதிபர் அம்மா சொன்னா. தொண்ணூற்றைந்தில் இராணுவம் முன்னேறி வர, எங்கள் வலிகாமம் முழுவதும் எழுந்து மழைக்குள்ளால் தென்மராட்சிக்கு நடந்தபோது, நான் லொறியில் கிழடுகளையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு போனேன். அடிக்கொரு தரம் நிற்க வேண்டியிருந்தது. நின்ற இடத்திலெல்லாம் இறங்கி, ஒரு காலை இழுத்து நடக்கிற மனிதர் ஒருவர் அந்தச் சனத்துக்குள் வருகிறாரா என்று பார்த்தேன். காணவில்லை. திரும்பி ஊருக்கு வந்தபோது அந்த வளவில் வேறு ஆட்கள் இருந்தார்கள். கிணறு இருந்தது. வன்னியில் கணக்கு ரீச்சராக இருக்கிறாள் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டில் என்று இன்னொருவர் சொன்னார். இப்போது அவளுக்கும் ஐம்பது வயதுக்குக் கிட்ட இருக்கும்.

நீங்கள் ஊர் ஊராகப் போகிறவர்கள். நூறு பள்ளிக்கூடத்துக்குப் போவீர்கள், நூறு ரீச்சர்மாரைக் காண்பீர்கள். தவமலர் நடராசா என்று ஒருவரை எங்காவது கண்டால், சண்டிலிப்பாய்ப் பக்கம் என்று தெரியவந்தால், கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். நல்லாயிருக்கிறாளா, பிள்ளைகளுக்கு வட்டம் எப்படிச் சொல்லிக் கொடுக்கிறாள், சிரிக்கிறாளா என்று பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.

நான் விசாரித்ததாக மட்டும் அவளிடம் சொல்லாதேயுங்கள்.